உறைப்பைச் சட்டியிலிருந்து மேசைக்கு மாற்றினோம்

எங்கள் வீட்டில் போன வருஷம் வரைக்கும் இரவுச் சாப்பாடு மூன்று தரம் நடக்கும். ஐந்தரைக்குப் பிள்ளைகள்: பாஸ்தா, இல்லாவிட்டால் ஃபிஷ் ஃபிங்கர், அதுவும் இல்லாவிட்டால் பட்டர் பூசின பாண். ஏழு மணிக்கு அம்மா: தன்ர அறையில், டிவி நாடகத்துக்கு முன்னால், சோறும் சொதியும். ஒன்பதுக்குப் பிறகு நானும் மனுசியும்: உறைப்பான கறி, நின்றபடி பாதி, இருந்தபடி பாதி. ஒரே வீட்டுக்குள் ஐந்து பேர் இருக்கிறோம். ஐந்து பேரும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்ட நாள் எது என்று கேட்டால், தைப்பொங்கல் என்றுதான் சொல்லவேண்டி இருந்தது.

இதைப் படிக்கிற உங்களில் பலருடைய வீட்டிலும் கதை இதுதான் என்று நினைக்கிறேன். பிள்ளைகளுக்கு உறைக்கும், அப்பம்மாவுக்கு வயிறு ஏலாது, எங்களுக்கோ உறைப்பில்லாமல் சோறு இறங்காது.

அது வெறும் அலுப்பாக இருந்தவரைக்கும் நான் பெரிதாக யோசிக்கவில்லை. அம்மாவுக்கு 74 வயது. பிரஷர் கனகாலமாக இருக்கிறது, உப்பைக் குறைக்கச் சொல்லி எப்பவோ சொல்லிவிட்டார்கள். போன வருஷம் வயிற்றில் புண் என்று தெரியவந்தது. உறைப்பு அந்தப் புண்ணை உண்டாக்குவதில்லை. பெரும்பாலும் ஹெலிகோபக்டர் பைலோரி என்ற கிருமியோ, சிலவகை நோ மாத்திரைகளோதான் காரணம். ஆனால் சிலருக்கு உறைப்பு நோவைக் கூட்டும், அம்மாவுக்குக் கூட்டியது. குறைத்துப் பாருங்கள் என்றார் டொக்டர். அம்மா குறைக்கவில்லை, அடியோடு நிறுத்தினா.

மருந்து எடுத்தா, புண் ஆறியது. ஆனால் சாப்பாட்டில் மனம் விட்டுப்போய்விட்டது. ஆறு மாதத்தில் 6 கிலோ குறைந்தா. சாறிச் சட்டைகளை இரண்டு தரம் பிடித்துத் தைக்க வேண்டி வந்தது. "இது நோயாளிச் சாப்பாடு தம்பி, இறக்கினாக் காணும், ருசிக்கத் தேவையில்லை" என்பா. வாழ்க்கை முழுக்க மற்றவர்களுக்கு ருசியாகச் சமைத்துப்போட்ட ஒரு மனுசி இப்படிச் சொல்லும்போது கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை.

உறைப்பில்லாமல் அதே கறியை வைக்கலாம்தானே என்று நீங்கள் கேட்கலாம். முயன்று பார்த்தோம். சிக்கல் எங்கள் தூளில் இருக்கிறது. தமிழ்நாட்டு வீடுகளில் மிளகாய்த்தூள் ஒரு போத்தலில், மல்லித்தூள் இன்னொரு போத்தலில் இருக்கும், தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கலாம். யாழ்ப்பாணத் தூளில் செத்தல் மிளகாயும் மல்லியும் சீரகமும் பெருஞ்சீரகமும் மிளகும் வெந்தயமும் சேர்ந்தே வறுபட்டு, சேர்ந்தே இடிபடுகின்றன. உறைப்பைப் பாதியாக்க வேண்டுமென்றால் தூளைப் பாதியாக்க வேண்டும், தூளைப் பாதியாக்கினால் கறியே பாதியாகிவிடும். அம்மா ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்குச் சொதியே திறம்" என்று எழும்பிப் போனா.

ஆகவே எனக்குத் தேவைப்பட்டது உறைப்பு எடுத்துவிட்ட கறி இல்லை. பிறந்ததிலிருந்தே உறைப்பு இல்லாத, ஆனால் ஆட்டிறைச்சியும் வெங்காயமும் நல்லா வதங்கி, குழம்பு தடித்து, எலும்பில் இருந்து இறைச்சி தானாகக் கழருகிற ஒரு சாப்பாடு. அது எங்கள் சொந்தத்துக்குள்ளேயே இருந்தது, பலெர்மோவில்.

பலெர்மோச் சின்னம்மா

அம்மாவின் தங்கை, என்ர சின்னம்மா, 1989இல் இத்தாலிக்குப் போனவ. லண்டன், பாரிஸ், டொரொன்டோ என்று எல்லோரும் போன காலத்தில் சிசிலித் தீவின் பலெர்மோவுக்கும் ஒரு கூட்டம் போனது. இன்றைக்கும் அங்கே பெரிய தமிழ்ச் சமூகம் இருக்கிறது. முதலில் போனவர்களில் கனபேருக்குக் கிடைத்தது வீட்டு வேலை: சமையல், துப்புரவு, வயதான ஆட்களைப் பார்ப்பது. சின்னம்மா ஒரு கிழவியின் வீட்டில் பதினொரு வருஷம் வேலை செய்தா. இத்தாலிய மொழி படித்தது அந்தக் குசினியில்தான்.

பலெர்மோத் தமிழர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள் என்றால் அது அநேகமாக சாந்தா ரொசாலியா மூலமாகத்தான் இருக்கும். 1624இல் அந்த நகரத்தைக் கொள்ளைநோயிலிருந்து காப்பாற்றியவ என்று நம்பப்படும் புனிதை. நகரத்துக்கு மேலே மொந்தே பெல்லெக்ரினோ மலைக் குகையில் அவவுடைய கோயில். கத்தோலிக்கத் தமிழர் மட்டுமில்லை, சைவத் தமிழரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மலை ஏறுவார்கள். சின்னம்மாவும் ஏறுவா. வீட்டுச் சாமியறையில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ரொசாலியா படம் இருக்கிறது. இது பற்றி அம்மாவுக்கும் அவவுக்கும் இருபது வருஷமாக ஒரு வாக்குவாதம் இருக்கிறது, அதை இங்கே எழுதினால் கட்டுரை முடியாது.

அம்மா மெலிந்துபோனதை வாட்ஸ்அப் வீடியோவில் பார்த்துவிட்டுச் சின்னம்மாதான் சொன்னா: "அன்யெல்லோ அக்ராஸ்ஸாத்தோ செய்து குடு. அது எங்கட கறிதான். தூளும் இல்லை, தேங்காய்ப்பாலும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்."

அன்யெல்லோ என்றால் ஆட்டுக்குட்டி. கிராஸ்ஸோ என்றால் கொழுப்பு. கொழுப்பில் மெதுவாக வேகினது என்று சின்னம்மா பொருள் சொல்லுவா. பிரெஞ்சுச் சமையல் சொல் ஒன்று திரிந்து வந்தது என்பவர்களும் இருக்கிறார்கள். பலெர்மோவில் ஈஸ்டருக்குச் செய்கிற சாப்பாடு. மாட்டிறைச்சியிலும் செய்வார்கள், எங்கள் வீட்டில் மாடு இல்லை என்பதால் அந்தப் பேச்சே எழவில்லை. இத்தாலி முழுக்க ஆட்டை ஒரே மாதிரிச் சமைக்கிறார்கள் என்றும் நினைக்கக்கூடாது. உரோமாபுரியில் வினாகிரியும் நெத்தலிக் கருவாடு மாதிரி உப்பில் ஊறின அஞ்சோவி மீனும் போட்டு வைப்பார்கள். அப்ரூட்ஸோ மலைப்பக்கத்தில் இடையர்கள் முதிர்ந்த செம்மறியைப் பெரிய செம்புக் கிடாரத்தில் மணிக்கணக்காக வேகவைப்பார்கள். இலண்டன் உணவகங்களில் கிடைக்கிற தக்காளி போட்ட சிவப்பு ராகு இன்னொரு வகை. எங்களுக்குப் பொருந்தியது பலெர்மோக்காரர் செய்கிறதுதான், ஏனென்றால் அதன் உயிர் வெங்காயத்தில் இருக்கிறது.

சனிக்கிழமை, ஹை ஸ்ட்ரீட்

வால்தம்ஸ்டோவில் இருப்பவர்களுக்குச் சந்தையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: 1885இலிருந்து நடக்கிற தெருச் சந்தை, ஹை ஸ்ட்ரீட் நீளத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். கிண்ணத்தில் குவித்து வைத்த வெங்காயம், உருளைக்கிழங்கு, இரண்டு பக்கமும் ஹலால் இறைச்சிக் கடைகள். சனிக்கிழமை காலமை மகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நான் நேரே அங்கே போவேன்.

இறைச்சிக் கடையில் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்கவேண்டும். எங்கள் முகத்தைப் பார்த்ததும் "கறிக்கா?" என்று கேட்டுக்கொண்டே சின்னச் சின்னத் துண்டாக வெட்டத் தொடங்கிவிடுவார்கள். வெட்டுவதற்கு முன்னமே சொல்லிவிடுங்கள்: தோள்பட்டை, எலும்போடு, ஒவ்வொரு துண்டும் உள்ளங்கை அளவு. சின்னத் துண்டு இரண்டரை மணித்தியாலம் தாங்காது, நாராகிவிடும்.

சொற்களிலும் குழப்பம் உண்டு. ஊரில் "மட்டன்" என்றால் எங்கள் பெற்றோர் நினைப்பது வெள்ளாடு. இங்கே மட்டன் என்பது முதிர்ந்த செம்மறி, பொதுவாக இரண்டு வயது தாண்டியது. லாம் என்பது ஒரு வயதுக்கு உட்பட்ட செம்மறி. வெள்ளாடு வேண்டுமென்றால் கோட் என்று கேட்கவேண்டும். இந்தச் சமையலுக்கு லாம் தோள்பட்டை சரி. மட்டன் வாங்கினால் இன்னும் ஒரு மணித்தியாலம் கூட வையுங்கள், மணம் இன்னும் கனமாக இருக்கும். கால் தொடை வேண்டாம், அதில் கொழுப்பும் சவ்வும் குறைவு, மெதுவாக வேகவைத்தால் வறண்டுபோகும். விலையும் கூட.

நான் எடுக்கிற அளவு இது, ஐந்து பேருக்கு ஞாயிறு மத்தியானமும் மிச்சமும் வரும்: எலும்போடு ஒன்றரைக் கிலோ தோள்பட்டை, ஒரு கிலோ வெங்காயம், 800 கிராம் உருளைக்கிழங்கு, நாலு பல்லு உள்ளி, இரண்டு பே இலை, இரண்டு கொப்பு றோஸ்மேரி, ஒலிவ் எண்ணெய், மிளகு, கொஞ்சம் பார்ஸ்லி, பெக்கொரினோ சீஸ் ஒரு சின்னத் துண்டு. றோஸ்மேரியும் பேயும் காசு குடுத்து வாங்கத் தேவையில்லை. எங்கள் தெருவில் பாதி வீட்டு முன்வாசலில் வளர்கிறது. கேட்டால் தருவார்கள், கேட்கிற சாட்டில் அயலோடு ஒரு கதையும் கதைத்ததாக இருக்கும்.

ஒரு கிலோ வெங்காயம்

"இவ்வளவு வெங்காயமோ?" என்றுதான் அம்மா முதல் நாள் கேட்டா. கேட்டுவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு மேசையில் இருந்துவிட்டா. அரிகிற வேலையை நான் அவவிடம் கொடுக்கவில்லை, அவவாகத்தான் எடுத்தா. இப்போது அது ஞாயிற்றுக்கிழமை வழக்கமாகிவிட்டது: அப்பம்மா அரிவா, எட்டு வயது மகள் தோல் உரிப்பா, நாலு வயதுக்காரன் நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பான்.

முதலில் இறைச்சி. தண்ணீரைக் கடதாசியால் நல்லா ஒற்றி எடுத்துவிட்டு, அடி கனத்த சட்டியில் எண்ணெய் சூடாகினதும், நாலு துண்டு நாலு துண்டாகப் போட்டுப் பொன்னிறமாக வாட்டி எடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் இறைச்சி தண்ணீர் விட்டு அவியும், நிறம் வராது. மேற்பரப்பு காய்ந்து 140 பாகைக்கு மேல் சூடு ஏறினால்தான் அந்த வறுத்த மணம் வரும். தண்ணீர் இருக்கும்வரை சூடு 100ஐத் தாண்டாது. அம்மாவுக்கு இதெல்லாம் சொல்லத் தேவையில்லை, "சத்தம் மாறினாத் திருப்பு" என்பா. ஈரம் இருக்கும்போது சட்டி ஒருவிதமாகச் சீறும், காய்ந்ததும் வேறுவிதமாக. அவ சொல்வது சரிதான்.

இறைச்சியை எடுத்துவிட்டு அதே சட்டியில் வெங்காயம். இதுதான் முக்கியமான இடம், இங்கே அவசரப்படக்கூடாது. கொஞ்சம் உப்பு, நடுத்தர நெருப்பைவிடக் குறைவு, 35 முதல் 40 நிமிஷம். முதலில் சட்டி நிரம்பி இருக்கும். பிறகு தண்ணீர் விட்டுப் படியும், பிறகு கண்ணாடி மாதிரி ஆகும், பிறகு மஞ்சளாகி, கடைசியில் வெல்லப்பாகு நிறத்துக்கு வரும். கருகவிடக்கூடாது, அடியில் பிடித்தால் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்துச் சுரண்டுங்கள். சமையல் புத்தகங்கள் பத்து நிமிஷம் என்று எழுதும். அதை நம்பாதீர்கள். நான் போதும் என்று நினைத்த இடத்தில் அம்மா மணத்து பார்த்துவிட்டு, "இன்னும் பச்சை மணம் நிக்குது" என்றா. இன்னும் பத்து நிமிஷம் போனது. இத்தாலிச் சாப்பாட்டில் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னவ, வெங்காயம் விஷயத்தில் பலெர்மோக் கிழவிக்கு ஒரு அடியும் குறைந்தவ இல்லை.

அந்த நேரத்தில்தான் அம்மா ஒரு சிட்டிகை பெருஞ்சீரகத்தை இடித்துப் போட்டா, என்னைக் கேட்காமல். சின்னம்மா கோபிப்பா என்று நினைத்தேன், சிரித்தா. சிசிலியில் காட்டுப் பெருஞ்சீரகம் மலைப்பக்கம் எல்லாம் தன்பாட்டில் வளருமாம். அங்கே பேர்போன மத்தி மீன் பாஸ்தாவே அந்தக் கீரை இல்லாமல் இல்லை. ஆகவே அம்மா போட்டது ஒன்றும் அந்நியம் இல்லை.

வைன் போடுவதா?

பலெர்மோவில் இந்த இடத்தில் ஒரு கிளாஸ் வெள்ளை வைன் ஊற்றுவார்கள். எங்கள் வீடுகளில் இது சின்ன விஷயம் இல்லை. "கொதிச்சா எல்லாம் ஆவியாப் போயிடும்" என்று பலர் சொல்வார்கள், அது முழு உண்மை இல்லை. அமெரிக்க வேளாண்மைத் திணைக்களத்தின் அட்டவணைப்படி, கலந்து கொதிக்கிற சாப்பாட்டில் அரை மணித்தியாலத்துக்குப் பிறகும் அல்கஹோலில் 35 வீதம் மிஞ்சும், ஒரு மணித்தியாலத்தில் 25 வீதம், இரண்டரை மணித்தியாலத்தில் 5 வீதம். மெதுவான சமையலில் மிகக் குறைவாகத்தான் மிஞ்சும், ஆனால் பூச்சியம் ஆகாது.

சின்னப் பிள்ளை, மருந்து எடுக்கிற அம்மா, ஞாயிற்றுக்கிழமை அடிக்கடி வந்து சாப்பிடுகிற மகளின் முஸ்லிம் சிநேகிதி எல்லோரும் இருக்கிற மேசையில் நான் வைன் போடுவதில்லை. வைன் அங்கே செய்கிற வேலை இரண்டு: புளிப்பு, சட்டியின் அடியில் ஒட்டினதைக் கழற்றுவது. இரண்டு மேசைக்கரண்டி அப்பிள் வினாகிரியும் 400 மில்லிலீட்டர் சுடுதண்ணீரும் அந்த இரண்டையும் செய்கின்றன. வெங்காயத்தின் இனிப்புக்கு அது போதும். வைனோடு செய்தால் மணம் இன்னும் திறம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன், பெரியவர்கள் மட்டும் சாப்பிடுகிற நாளில் போடுங்கள்.

வினாகிரி போடுவதால் ஒன்று: வெறும் அலுமினியச் சட்டி வேண்டாம், புளிப்பு அதோடு சேரும். எனாமல் பூசின இரும்புச் சட்டியோ எவர்சில்வரோ நல்லது. மூன்று நூறு பவுண் பிரெஞ்சுச் சட்டி தேவையில்லை. மூடி இறுக்கமாக இருந்தால் காணும், இல்லாவிட்டால் ஃபொயிலை வைத்து அதற்கு மேல் மூடுங்கள்.

இப்போது இறைச்சி, உள்ளி, றோஸ்மேரி, பே இலை, மிளகு எல்லாம் சட்டிக்குள். தண்ணீர் இறைச்சியின் பாதி உயரத்துக்கு மேல் போகக்கூடாது. அவனில் 150 பாகை, ஃபான் அவன் என்றால் 130, காஸ் என்றால் 2. மூடி போட்டு இரண்டரை மணித்தியாலம்.

முதல் ஒரு மணித்தியாலத்தில் திறந்து குத்திப் பார்த்தால் மனம் உடைந்துபோகும். இறைச்சி முன்னதைவிட இறுகி இருக்கும். அது அப்படித்தான். சூடு ஏற ஏறத் தசைநார் சுருங்கித் தண்ணீரைப் பிழிந்து தள்ளும். தோள்பட்டையில் நிறைய இருக்கிற கொலாஜன் என்ற சவ்வு ஜெலட்டினாகக் கரைவதற்கு அதற்குப் பிறகும் மணிக்கணக்காகச் சூடு வேண்டும். அது கரைந்த பிறகுதான் இறைச்சி மெத்தென்று ஆகும், குழம்பும் உதட்டில் ஒட்டும். எங்கள் வீடுகளில் அந்த முதல் மணித்தியாலத்தில்தான் பொறுமை போய், சட்டியில் இருந்ததைக் குக்கருக்கு மாற்றுவார்கள். அம்மாவும், "குக்கர்ல வைச்சா அரை மணித்தியாலத்தில முடியும்" என்று மூன்று தரம் சொன்னா.

குக்கர் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அதற்குள் சூடு 120 பாகை அளவுக்குப் போவதால் சவ்வு கெதியாகக் கரையும், வேலை நாளில் 35 நிமிஷத்தில் நல்ல இறைச்சி வரும். ஆனால் தண்ணீர் வற்றாது, வெங்காயம் குழம்பாகத் திரளாது. பிறகு திறந்து வைத்துக் கால் மணித்தியாலம் கொதிக்கவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவன்தான். நடுவில் லொயிட் பூங்காவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வரலாம், ஒருவரும் கிண்டிக்கொண்டு நிற்கத் தேவையில்லை.

ஒரு மணித்தியாலமும் முக்காலும் ஆனதும் உருளைக்கிழங்கைப் பெரிய துண்டுகளாக உள்ளே தள்ளுங்கள். ஷார்லட் மாதிரி இறுக்கமான கிழங்கு உருவம் கெடாது, மாரிஸ் பைப்பர் கரைந்து குழம்பைத் தடிப்பாக்கும். எங்கள் வீட்டில் இரண்டும் பாதி பாதி. கடைசியில் மேலே மிதக்கிற கொழுப்பை அகப்பையால் வழித்து எடுங்கள். நேரம் இருந்தால் சனிக்கிழமை இரவே சமைத்து, கெதியாக ஆறவைத்து, பிரிட்ஜில் வையுங்கள். காலமை கொழுப்பு வெள்ளைத் தட்டாக உறைந்து நிற்கும், ஒரே தூக்காகத் தூக்கலாம். கொலஸ்டரோல் உள்ள பெரியவர்களுக்கு இதுதான் நல்ல வழி, ருசியும் அடுத்த நாள் கூடத்தான்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. என்.எச்.எஸ். சொல்கிற ஒரு நாள் உச்ச அளவு பெரியவர்களுக்கு 6 கிராம், கிட்டத்தட்ட ஒரு மட்டத் தேக்கரண்டி. 7 முதல் 10 வயதுக்கு 5, 4 முதல் 6 வயதுக்கு 3, 1 முதல் 3 வயதுக்கு 2 கிராம், ஒரு வயதுக்குக் கீழே 1 கிராமுக்கும் குறைவு. முழுச் சட்டிக்கும் நான் போடுவது ஒரு மட்டத் தேக்கரண்டிதான். பெக்கொரினோ உப்புக்கூடின சீஸ். பலெர்மோவில் அதைச் சட்டிக்கு மேலேயே துருவிப் போடுவார்கள், நாங்கள் அதை மேசையில் வைக்கிறோம். கைக்குழந்தை உள்ள வீடு என்றால் உப்பே போடாமல் வேகவைத்து, குழந்தையின் பங்கை எடுத்த பிறகு போடுங்கள்.

மேசை

சீஸை மேசையில் வைத்தபோதுதான் எனக்கு மற்றதும் விளங்கியது. சீஸ் போலத்தான் உறைப்பும். அது சட்டிக்குள் இருக்கவேண்டும் என்று யார் சொன்னது?

இப்போது மேசையில் நடுவில் சட்டி. சுற்றிவர: துருவின பெக்கொரினோ, பச்சைமிளகாய்ச் சம்பல், பொரித்த மோர்மிளகாய், வெட்டின தேசிக்காய், ஒரு கீரைச் சுண்டல். மகன் கிழங்கை மசித்துப் பாணோடு சாப்பிடுவான். மகள் சோறும் குழம்பும், ஒரு நுனி சம்பல். மனுசி சோற்றில் சம்பலை மூன்று கரண்டி போட்டுப் பிசைந்து கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிடுவா. இரவு ஷிஃப்ட் முடித்து வந்து படுத்து எழும்புகிறவவுக்கு அது தேவைதான். அம்மாவுக்குப் புட்டு. அரிசிமாப் புட்டு அந்த வெங்காயக் குழம்பை உறிஞ்சுகிற மாதிரி எந்த இத்தாலியப் பாணும் உறிஞ்சாது என்று சின்னம்மாவுக்கே சொல்லி அனுப்பினா.

முதல் ஞாயிறு அம்மா கோப்பையைத் தன்ர அறைக்குக் கொண்டுபோகத்தான் எழும்பினா. ரிமோட்டும் கையில். மகள் எலும்பு ஒன்றைத் தூக்கிக்காட்டி, "அப்பம்மா, இதுக்குள்ள இருக்கிறதை என்னெண்டு எடுக்கிறது?" என்று கேட்டா. ஊனை உறிஞ்சிக் காட்ட அம்மா திரும்பி வந்து இருந்தா. அதிலிருந்து பங்கு இறைச்சிக் கதை தொடங்கியது: தீபாவளிக்கு அயலுக்குள் நாலைந்து வீடு சேர்ந்து ஒரு கிடாய் வாங்குவது, விடியப்பறம் பங்கு போடுவது, ஈரல் யாருக்கு என்று சண்டை, மண்சட்டியை விறகடுப்பில் தணல் மட்டும் விட்டு வைத்துவிட்டுத் தலை முழுகப் போவது. இந்தக் கதையை நான் ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கு 41 வயது.

மகளுக்குப் "பங்கு" என்ற சொல் பிடித்துக்கொண்டது. பிட்சா வெட்டினாலும் இப்போது பங்குதான்.

போன மாதம் வீட்டுக்கு வந்த ஒரு சொந்தக்காரர், "இத்தாலிச் சாப்பாடு சமைச்சால் பிள்ளையளுக்கு எங்கட சாப்பாடு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முதல் பிள்ளைகள் சாப்பிட்டது எங்கள் சாப்பாடு இல்லை, ஃபிஷ் ஃபிங்கர்.

அதைவிட, இந்தச் சட்டியால் எங்கள் கறியிலேயே ஒரு மாற்றம் வந்தது. மார்கழியில் அம்மா தூள் வறுக்கும்போது இரண்டு தாச்சியாகப் பிரித்து வறுத்தா. ஒன்றில் மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை. மற்றதில் செத்தல் மிளகாய் மட்டும். இப்போது அலுமாரியில் இரண்டு போத்தல் இருக்கிறது. புதன்கிழமைக் கோழிக்கறிக்கு முதல் போத்தலில் இருந்து நிறையவும் இரண்டாவதில் இருந்து அரைக் கரண்டியும். நிறம் கொஞ்சம் குறைவு, மணம் முழுசாக இருக்கிறது. மிச்ச உறைப்பு மேசையில். ஐம்பது வருஷம் ஒரே தாச்சியில் வறுத்தவ ஏன் மாற்றினா என்று நான் கேட்கவில்லை, அவவும் விளக்கம் சொல்லவில்லை. எடை 3 கிலோ கூடியிருக்கிறது. மருந்துக்கும் அதில் பங்கு உண்டு.

வாரத்தில் மற்ற நாட்கள் இன்னும் பழைய மாதிரித்தான், மனுசியின் ஷிஃப்டும் என்ர வேலையும் விடாது. வெள்ளி மரக்கறி. புரட்டாதிச் சனிக்கும் கந்தசஷ்டிக்கும் சட்டி ஓய்வெடுக்கும். ஞாயிறு மட்டும் ஒரு மணிக்கு ஐந்து பேரும் மேசையில்.

மிச்சம் வந்தால் கொட்டிவிடாதீர்கள். எலும்பை எடுத்துவிட்டு இறைச்சியைப் பிய்த்து அதே குழம்புக்குள் போட்டு வையுங்கள், இரண்டு நாளுக்குள் முடிக்கவேண்டும். திங்கட்கிழமை பாஸ்தா அவித்த தண்ணீரில் ஒரு கரண்டி விட்டு அந்தக் குழம்பைக் கொதிக்கவைத்து, பாஸ்தாவைக் கொட்டிப் பிரட்டுங்கள். பலெர்மோவிலும் இந்தக் குழம்பைப் பாஸ்தாவுக்குப் போடுவார்கள். மகள் தெர்மோசில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவா. மிச்சமே வராது என்று தெரிந்த வாரங்களில் நான் வெங்காயத்தை ஒன்றேகால் கிலோவாக்கி விடுகிறேன்.